ஒரே கையின் தையல்

லோகாம்பாள் டீச்சரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. நெடுங்காட்டில் பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் வரலாறு நடத்தினேன், அவர் தையல். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் தையல் வகுப்பு முடிந்து கண் சிவந்து வருவார்கள். ஏன் இப்படி விரட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உங்க பாடத்துல புக்கைப் பார்த்து எழுதுனாலும் மார்க் விழும். எம் பாடத்துல விழாது" என்றார். அதன்பின் நெடுநாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இருந்தும் அவரைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் சண்டைதான். அந்தச் சண்டை எதிலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நான் கொஞ்சம் அவரிடமிருந்தும், அதிகம் மற்றவர்களிடமிருந்தும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

லோகாம்பாள் நெரவிக்காரர். அப்பாவும் அண்ணன் முத்தையனும் வயல் வேலை பார்த்தவர்கள். வீட்டில் முதலில் பத்தாவது முடித்தது இவர்தான். பிறகு தையலில் லோயர், ஹையர் என்ற இரண்டு அரசுத் தேர்வும் எழுதி, தஞ்சாவூரில் தங்கித் தையல் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். பெண் பார்க்க வந்த ஒருவர், பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு ஊரில் ஒட்டிக்கொண்டது. அடுத்து வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் தெருமுனையிலேயே திரும்பினார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டில் ஓரமாக இருந்துகொண்டு, காரைக்காலில் தியாகராசன் என்பவர் மாடியில் நடத்திவந்த தையல் பள்ளிக்கு வேலைக்குப் போனார். அது எழுபதாம் வருஷம்.

தியாகராசனுக்குத் துணி வாங்கத் தெரியும், ஆள் பிடிக்கத் தெரியும், தைக்கத் தெரியாது. சொல்லிக்கொடுப்பது முழுக்க லோகாம்பாள்தான். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. தையல் டீச்சர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு மாதிரி ஃபைல் கொண்டுபோக வேண்டும். பழுப்புத் தாள்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய ஃபைல். முதல் சில பக்கங்களில் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒட்டுப் போடுவது என்று கை வேலைகள் சின்னத் துண்டுத் துணிகளில் இருக்கும். அதற்கப்புறம் உடுப்புகள். இடப்பக்கம் வெட்டும் படம், வலப்பக்கம் அதே உடுப்பு உள்ளங்கை அளவில் தைத்து ஒட்டியிருக்கும். குழந்தைக்கு ஜப்லா, ஷிம்மி, கவுன், பாவாடை, ஜாக்கெட், ஆண் பிள்ளைக்குச் சட்டை, நிக்கர் வரைக்கும். படித்த சான்றிதழ்கள் கடைசியில். ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை அந்த ஃபைலைப் புரட்டியே சொல்லிவிடலாம் என்பது கணக்கு.

பள்ளியில் சேர்ந்த பெண்களில் பலருக்கு நேராக ஒரு வரி தைக்க வராது. அவர்கள் வீட்டார் தியாகராசனிடம் பேசிவிடுவார்கள். அவர் லோகாம்பாளிடம், "இந்தப் பிள்ளைக்கு ஒரு ஃபேர் காப்பி போட்டுக் குடு" என்பார். இவர் தைத்துக் கொடுப்பார். அப்படிக் கொண்டுபோனவர்களில் சிலருக்கு வேலையும் கிடைத்தது. அவர்கள் பிறகு தெருவில் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார்கள்.

எழுபத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து லோகாம்பாளுக்கு நேர்காணல் கார்டு வந்தது. நெடுங்காட்டில் தையல் டீச்சர் இடம் ஒன்று காலி. ஃபைல் வேண்டும், அனுபவச் சான்றும் வேண்டும் என்று போட்டிருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு தியாகராசனின் மேசைக்கு எதிரில் போய் நின்றார்.

"சார், இன்டர்வியூ வந்துருக்கு. இங்க வேலை பார்த்ததுக்கு ஒரு சர்டிபிகேட் குடுங்க."

தியாகராசன் கார்டை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுக்காமல் மேசையில் வைத்து அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தார்.

"உன்னை இங்க டீச்சர்னு நான் எங்கயும் எழுதுனதில்ல லோகாம்பா. உதவியாள்னுதான் எழுதியிருக்கேன். துணி வெட்டிக் குடுக்குற ஆளு. அப்படி வேணும்னா எழுதித் தரேன்."

"அப்ப இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"பள்ளிக்கூடம் சொல்லிக் குடுத்துச்சு."

லோகாம்பாள் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அதில் ஒரு ஃபைல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. என்றாவது ஒருநாள் தனக்கு நேர்காணல் வரும் என்று, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் தனக்காகத் தைத்துச் சேர்த்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று தியாகராசன் அதை வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்.

"சரி. எம் ஃபைலையாவது குடுங்க."

"உன் ஃபைலா? அதுல உன் பேரு எங்கருக்கு?"

முதல் பக்கம் எப்போதோ கிழிக்கப்பட்டு, அந்த இடத்தில் பள்ளியின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. லோகாம்பாள் அதை அன்றுதான் கவனித்தார்.

"துணி என்னுது. நூல் என்னுது. மெஷின் என்னுது" என்றார் தியாகராசன். "இதுல உன்னுது எது?"

"கை என்னுது சார்."

"அதை எடுத்துக்கிட்டுப் போ."

கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு லோகாம்பாள் மாடிப்படி இறங்கினார். வகுப்பில் இருந்த பெண்கள் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தியாகராசனின் மகள் அல்லியும் இருந்தாள். பல வருஷம் கழித்து இந்தப் பேச்சை வரிக்கு வரி எனக்குச் சொன்னது அவள்தான்.

வீட்டில் அண்ணி மாரிக்கண்ணு இருந்தார். அவருக்கும் லோகாம்பாளுக்கும் இடையில் முதல் நாளிலிருந்தே எதுவும் சரியாக இருந்ததில்லை. வேலை போன செய்தி இவர் வந்து சேர்வதற்குள் எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது.

"இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தாச்சா?"

"ஃபைல் தைக்கணும் அண்ணி. இன்டர்வியூ வருது. அந்தப் பழைய வேட்டி, பாவாடைத் துணி எல்லாம் குடுங்க. துண்டு துண்டா வெட்டிக்கிறேன்."

மாரிக்கண்ணு முத்தையனைப் பார்த்து, "கேட்டீங்களா? உங்க தங்கச்சி வீட்டுல உக்காந்து பொம்மைக்குச் சட்டை தைக்கப் போவுதாம்" என்றார். முத்தையன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோகாம்பாள் சொன்னதிலேயே எனக்கு நெஞ்சில் நின்றது இதுதான். அண்ணி திட்டியதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை என்பதைத்தான் கோபமாகச் சொன்னார்.

பழந்துணியும் கிடைக்கவில்லை, மெஷினும் இல்லை. அப்போதுதான் திருமலைராயன்பட்டினத்துக் கமர் நிஷாவின் நினைவு வந்தது. அந்த அம்மாவின் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். மகளுக்காக வாங்கிப் போட்ட கால் மெஷின் வீட்டில் சும்மா கிடந்தது. சில மாதம் முன்பு தைக்கக் கொடுத்த ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று தையல் பள்ளிக்கு வந்து கமர் நிஷா சத்தம் போட்டபோது, "அளவு ஜாக்கெட் உங்க தங்கச்சிதைக் கொண்டாந்து குடுத்தா அப்புடித்தான் இருக்கும்" என்று லோகாம்பாள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது கமர் நிஷா அதைத்தான் முதலில் கேட்டார்.

"அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி என்னைப் பேசுனவதானே நீ? இப்ப என்ன வேணும்?"

"உங்க மெஷின் வேணும். துண்டுத் துணியும் வேணும்."

"நல்லாருக்கே."

"சும்மா வேணாம் அக்கா. பெருநாளுக்கு உங்க வீட்டுல எல்லாருக்கும் தைச்சுத் தரேன். மெஷினைக் குடுங்க."

"அளவு ஜாக்கெட் என் தங்கச்சிது இல்ல. என்னுதுதான்" என்றார் கமர் நிஷா.

"அப்ப நீங்க அது தைச்சதுக்கப்புறம் பெருத்துட்டீங்க."

கமர் நிஷா கதவைச் சாத்தவில்லை. ஏன் சாத்தவில்லை என்று நான் அந்த அம்மாவையே கேட்டேன். "பொய் சொல்லி நல்ல பேரு வாங்கத் தெரியாத பொம்பளை. அவளால எனக்கு என்ன நட்டம் வந்துடப் போவுது" என்றார். ஆனால் அன்பாகவும் நடத்தவில்லை. முன்கூடத்தில் மெஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே முறத்தோடு உட்கார்ந்து காவல் காத்தார். "அவங்க வெளிநாட்டு சபர்லேர்ந்து அனுப்புன துணி. துண்டுன்னா துண்டுதான் எடுக்கணும். நீ எடுக்குறது முழத்துல நிக்குது" என்பார். "உள்ளங்கை அளவு சட்டைக்கு முழம் எதுக்கு" என்பார் லோகாம்பாள். சண்டை போட்டுக்கொண்டே பெருநாள் உடுப்புகள் ஒரு பக்கமும் ஃபைல் ஒரு பக்கமும் வளர்ந்தன. வெளிநாட்டுத் துணி என்பதால், லோகாம்பாள் அதற்குமுன் தைத்த எந்த ஃபைலைவிடவும் இது பளிச்சென்று இருந்தது. ஜப்லாவுக்கு மெல்லிய வெள்ளைத் துணி, கவுனுக்குச் சின்னப் பூப்போட்டது, ஜாக்கெட்டுக்கு ஊதாவில் பட்டு மாதிரி ஒன்று.

சான்றிதழ்களைச் சேர்ப்பதிலும் தகராறு வந்தது. லோகாம்பாள் பிறந்தது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில். பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருந்தது. அதை மேரியில், அதாவது நகராட்சியில் கேட்டு வாங்கியபோது அதிலிருந்த பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரும் எழுத்தில் ஒத்துப்போகவில்லை. இது வேற ஆளு என்றார் அங்கிருந்த எழுத்தர். "அப்பா பேரு ஒண்ணு, அம்மா பேரு ஒண்ணு, தேதி ஒண்ணு. வேற ஆளுன்னா அவளைக் கூட்டியாங்க, பார்ப்போம்" என்று லோகாம்பாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அலுவலகம் மூடும் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, அனுபவச் சான்று ஒன்றைத் தவிர.

நேர்காணல் காரைக்காலில்தான். பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அம்மா அதிகாரி வந்திருந்தார். உடன் உள்ளூர்த் தலைமை ஆசிரியர்கள் இருவர். வெளியே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஃபைல். லோகாம்பாள் வந்து பார்த்தபோது கோடியில் அல்லி இருந்தாள். அவள் மடியில் இருந்த ஃபைலுக்குப் புது அட்டை போட்டிருந்தது. ஆனால் பக்கவாட்டில் தெரிந்த தாளும் கட்டிய கயிறும் லோகாம்பாளுக்குத் தெரியாதவை அல்ல. அலமாரியில் இருந்த ஃபைல் அது. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் குஞ்சம்மா. போன வருஷம் ஃபேர் காப்பி வாங்கிக்கொண்டு போனவள்.

லோகாம்பாள் அல்லிக்கு முன்னால் போய் நின்றார்.

"இதை எங்கேருந்து எடுத்த?"

"அப்பாதாங்க்கா குடுத்தாரு."

"உனக்குக் காஜா எடுக்கத் தெரியுமா?"

அல்லி ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தியாகராசன், "பிள்ளையை மிரட்டாத. உள்ள வந்து பேசு, முடிஞ்சா" என்றார்.

வந்தவர்களின் ஃபைல்களை முதலிலேயே வாங்கி மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அல்லி போய் வந்தாள், குஞ்சம்மா போய் வந்தாள். லோகாம்பாளைக் கூப்பிட்டபோது அதிகாரிக்கு முன்னால் மூன்று ஃபைல்கள் திறந்து கிடந்தன. அந்த அம்மா லென்ஸ் மாதிரி ஒரு கண்ணாடியை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷ அனுபவம்னு எழுதியிருக்கீங்க. சான்று எங்கம்மா?"

உள்ளே போகும்வரை தனக்கு அந்த எண்ணமே இல்லை என்று லோகாம்பாள் சொன்னார். என் ஃபைலைப் பாருங்கள், அதுவே சொல்லும் என்று சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் அல்லியின் ஃபைலில் தான் சாப்பாட்டு நேரத்தில் தைத்த நிக்கர் பக்கத்தைப் பார்த்ததும் வாய் தன்போக்கில் திறந்துகொண்டதாம்.

"அதோ, உங்க முன்னாடிதான் கெடக்கு. மூணும் நான் தைச்சது."

அதிகாரி கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மூணும் ஒரே கைன்னு எங்களுக்கும் தெரிஞ்சுது. யாரு யாரைப் பார்த்துச் செஞ்சாங்கன்னுதான் யோசிச்சுட்டு இருந்தோம். அப்ப நீங்க மத்தவங்களுக்கு ஃபைல் தைச்சுக் குடுக்குறவங்க."

"வேலை பார்த்த இடத்துல தைக்கச் சொன்னாங்க. தைச்சேன்."

"எத்தனை பேருக்கு?"

"நிறையப் பேருக்கு."

"அதுல எத்தனை பேரு இப்ப எங்க பள்ளிக்கூடங்கள்ல இருக்காங்க?"

லோகாம்பாள் மேசையில் கிடந்த ஃபைல்களைப் பார்த்தார்.

"நீங்க ஏமாத்துனது அந்தத் தையல் பள்ளிக்காரரை இல்லம்மா. எங்களை. எதுவும் தெரியாத டீச்சர்கிட்டப் போயி உக்காந்த பிள்ளைங்களை. இப்ப வந்து அதையே அனுபவம்னு காட்டுறீங்க." அந்த அம்மா மூன்று ஃபைல்களையும் மூடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "உங்க மூணு பேர்ல யாரையும் எடுக்க முடியாது. மத்தவங்கள்ல தகுதியான ஆளும் இல்ல. இந்த இடம் இப்ப நிரப்பப்படாது. போகலாம்."

வெளியே செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. தியாகராசன் ஏதோ கத்தினார். அதை லோகாம்பாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குஞ்சம்மா மட்டும் வழியை மறித்து நின்றாள். அவள் கணவர் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

"உங்களுக்குக் கெடைக்கலைன்னா எங்களுக்கும் கெடைக்கக் கூடாதா?"

"ஆமா" என்றார் லோகாம்பாள்.

அதை அப்படியே என்னிடமும் சொன்னார். வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். "அவ கேட்டா. நான் சொன்னேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நெரவியில் அவரால் இருக்க முடியவில்லை. ஃபைல் வாங்கியிருந்த பெண்களின் வீட்டார் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பேசினார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்த டீச்சர்கள் ஆள் விட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். தையல் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது. தியாகராசன் முத்தையனைக் கடைத்தெருவில் நிறுத்தி வைத்து ஏசினார். மாரிக்கண்ணு, "இனிமே இந்த வீட்டு வாசல்ல ஒருத்தரு வந்து நின்னு கத்துனா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். லோகாம்பாள் ஃபைலையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். இந்தமுறை முத்தையன் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார்.

பட்டினத்தில் கமர் நிஷா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சும்மா இருந்தது. "வாடகை தரணும்" என்றார் கமர் நிஷா. "ஓட்டை ஒழுக்கெல்லாம் நீங்க சரி பண்ணித் தரணும்" என்றார் லோகாம்பாள். தெருப் பெண்களுக்குத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். தையலைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. வாங்க வருகிறவர்கள் கடைசிவரை வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள், உட்கார்ந்து பேசவில்லை. அவ்வளவுதான் ஒட்டுறவு.

அந்த வருஷக் கடைசியில் பெரிய புயல் அடித்தது. பள்ளிக்கூடங்களின் கூரை போனதில் எல்லா நேர்காணலும் தள்ளிப்போனது. மறு வருஷம் அதே நெடுங்காட்டு இடத்துக்கு மறுபடி ஆள் கூப்பிட்டார்கள். பதிவு மூப்பின்படி லோகாம்பாளின் பெயர் தானாகவே பட்டியலில் வந்தது. அதை எடுத்துவிடச் சொல்லித் தியாகராசன் இரண்டு அலுவலகங்களுக்கு அலைந்தார் என்று கேள்வி. எடுக்க முடியவில்லை. ஆனால் கார்டில் புதிதாக ஒரு வரி இருந்தது. வருகிறவர்கள் குழுவின் முன்னால் உட்கார்ந்து, கொடுக்கும் உடுப்பை வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும்.

அதே அதிகாரி அம்மாதான். லோகாம்பாளைப் பார்த்ததும், "நீங்களா" என்றார்.

"ஆமாங்க."

எல்லோருக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு ஜப்லா தைக்கச் சொல்லித் துணி கொடுத்தார்கள். அல்லியும் வந்திருந்தாள். துணியை நான்காக மடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று எழுந்து போனாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் அடி வாங்கினேன், ஆனால் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று என்னிடம் சொன்னாள். குஞ்சம்மா வரவே இல்லை.

லோகாம்பாளுக்குக் கிடைத்த மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை கோர்த்துப் பார்த்தார்.

"வேற மெஷின் குடுங்க."

"வேற இல்ல. எல்லாருக்கும் இருக்குறதுதான்" என்றார் அதிகாரி.

லோகாம்பாள் மெஷினை விட்டுத் தள்ளி உட்கார்ந்து ஊசியில் தைக்க ஆரம்பித்தார். நேரம் முடிந்து மற்றவர்கள் எழுந்தபோது அவரும் எழுந்து ஜப்லாவை மேசையில் வைத்தார். அதிகாரி அதை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், தோள் மூட்டை இழுத்துப் பார்த்தார்.

"கையால தைக்கச் சொல்லி நாங்க சொல்லலையே."

"மெஷின்ல தைக்க மாட்டேன்னு நானும் சொல்லலை. மெஷின்தான் மாட்டேங்குது."

பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"போன தடவை நீங்க பேசுனதை நான் மறக்கல. என் ஒருத்தி கையில இருந்தா உங்களை எடுக்க மாட்டேன். பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்குவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு."

"தைக்கத் தெரியாம அனுப்ப மாட்டேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

பேச்சுக்கு அந்த அம்மா எவ்வளவு மார்க் போட்டார் என்று தெரியாது. தையலுக்கு மூன்று பேரும் போட்ட மார்க் சேர்ந்து போதுமானதாக இருந்தது. வேலை உத்தரவு வந்தது. அதைக் கமர் நிஷாவிடம் காட்டியபோது, "அறையை எப்ப காலி பண்ணுவ?" என்றுதான் அவர் கேட்டாராம். லோகாம்பாள் காலி பண்ணவில்லை. அங்கிருந்தே தினமும் பஸ் மாறி நெடுங்காட்டுக்கு வந்து போனார்.

எங்கள் பள்ளிக்கு அவர் வந்த முதல் நாளே சண்டைக்காரி என்ற பெயரும் கூடவே வந்துவிட்டது. தலைமை ஆசிரியை அவரை நிற்க வைத்தே பேசினார். நாங்கள் யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. அவர் அதை எதிர்பார்த்தவராகவும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து மெஷினைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தார்.

வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். பிள்ளைகள் ஃபைலில் ஒட்டுவதற்கான வேலையைப் பள்ளியிலேயே தைக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. யாராவது வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்தால் பிள்ளையின் கண்முன்னாலேயே தையலைப் பிரித்துத் துணியைத் தனியாகக் கொடுப்பார். அழுதாலும் பிரிப்பார். இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. சின்னப் பிள்ளை, அம்மா கொஞ்சம் உதவியிருக்கலாம், அதற்கு இப்படியா என்றேன். "அந்த அம்மா நாளைக்கு இன்டர்வியூவுக்கும் கூடப் போவாளா?" என்றார்.

எண்பத்தாறில் அது வெடித்தது. காசியம்மா என்பவரின் மூத்த மகள் கொண்டுவந்த பாவாடையை லோகாம்பாள் பிரித்துப் போட்டுவிட்டார். காசியம்மா ஊரில் இருபது முப்பது தாய்மாரிடம் கையெழுத்து வாங்கி, இந்த டீச்சரை மாற்ற வேண்டும் என்று மனு கொடுத்தார். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். என்னையும் கேட்டார்கள். பிள்ளைகளை அழவிடுகிறார், அது உண்மை, பிள்ளைகளுக்குத் தைக்கத் தெரிகிறது, அதுவும் உண்மை என்று சொன்னேன். நான் தனக்காகப் பேசிவிட்டேன் என்று லோகாம்பாள் நினைக்கவில்லை. தனக்கு எதிராகப் பேசினேன் என்றும் நினைக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எச்சரிக்கை ஒன்றோடு அது முடிந்தது. மாற்றல் வரவில்லை.

மறு வருஷம் ஜூனில் பள்ளி திறந்த அன்று நான் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தேன். காசியம்மா இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். லோகாம்பாள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், இவளையும் உங்க வகுப்புல போட்டுருக்காங்க."

"நீங்கதானே கையெழுத்து வாங்குனீங்க?"

"ஆமா, நான்தான்." காசியம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "உங்க மேல இருக்குற கோவம் எனக்கு இன்னும் போவலை. ஆனா பெரியவ இப்ப தெருவுல எல்லாருக்கும் ஜாக்கெட் தைக்கிறா. கோவத்துக்காகச் சின்னவளை வேற இடத்துல கொண்டுபோயி விட முடியுமா?"

லோகாம்பாள் அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். அது அம்மாவின் முந்தானைக்குள் ஒளியப் பார்த்தது.

"நாளைக்கு ஊசி, நூல், அரை கெஜம் வெள்ளைத் துணி குடுத்து அனுப்புங்க. பிள்ளை மட்டும் வரட்டும். நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் வகுப்பைப் பார்க்க நடந்தார்.